கம்பியில் கட்டியிருந்த கேமரா

எங்கள் வீட்டில் பழைய பொருள் வாங்குவது அப்பா, புதுப் பொருள் வாங்குவது அம்மா. இது யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல, அவரவர் குணம் அப்படி அமைந்துவிட்டது. அப்பா சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுகிற இடத்தில் வேலை பார்த்தார். அவருடைய மொபெட், கைக்கடிகாரம், எங்கள் வீட்டு டிவி எல்லாமே ஆலையில் யாரோ வைத்திருந்து அலுத்துப்போய்க் கொடுத்தவை. அந்த டிவியில் வருகிற எல்லோருடைய முகமும் லேசாகப் பச்சை பூத்திருக்கும். அப்பா அதைக் குறை என்று ஒருநாளும் சொன்னதில்லை, கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்.

அம்மா இதற்கு நேர் எதிர். புடவைக் கடையில் வாசலில் தொங்கவிட்டிருக்கும் புடவை எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை எடுக்க மாட்டாள். அதே நிறத்தில், அதே கரையில் உள்ளே மடித்து வைத்திருப்பதைத்தான் எடுத்துத் தரச் சொல்வாள். நாலு பேர் தடவிப் பார்த்ததை உடம்பில் சுற்றிக்கொள்ள முடியாதாம். கத்தரிக்காயைக்கூடக் கூடையின் அடியில் கைவிட்டுத்தான் பொறுக்குவாள். அவளோடு சந்தைக்குப் போவதென்றால் அன்றைய பொழுது போனது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை கட்சி மாறினார்கள். எங்கள் வீட்டுக்கு கேமரா வாங்கியபோது அது நடந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். செல்போனில் கேமரா வந்துவிட்ட காலம்தான் என்றாலும், எங்கள் வீட்டுச் செல்போனில் டார்ச் லைட் மட்டும்தான் இருந்தது.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ முடித்த கையோடு மடத்தில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டாள். திருச்சிப் பக்கம் ஒரு மடம். கன்னியாஸ்திரி ஆகப்போகிறாள். அம்மா நேரம் காலம் பார்க்காமல் அழுதாள். உலை வைத்துவிட்டு அழுவாள், துணி மடித்துக்கொண்டே அழுவாள், அழுதுகொண்டே எனக்குத் தலை பின்னுவதில் வகிடு கோணலாகப் போகும். அப்பா அழவில்லை. "உன் இஷ்டம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த பங்குச் சாமியார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை தகப்பன்மாருக்கு இந்த மனசு வரும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நைனார்பாளையத்திலிருந்து வந்த பெரியப்பாவும் அதையே சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அழுகிறவள், அப்பா திடமானவர் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை மடத்தில் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு வராதவர்களை அடுத்த வருஷம்தான் எடுத்துக்கொள்வோம் என்று மடத்து மதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் கோவில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. மடத்துக்குப் போகிற பெண்ணை நடுவில் நிறுத்திக் குடும்பமே சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து, இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைப்பார்கள். பிறகு அவளுடைய உடுப்பு மாறிவிடும், வீட்டுக்கு வர வேண்டுமென்றால் மடத்தில் அனுமதி கேட்க வேண்டும். அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தாள் என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. வழக்கமாக இதற்கு ஸ்டுடியோவுக்குத்தான் போவார்கள். அப்பா மட்டும் ஸ்டுடியோ வேண்டாம் என்றார். அங்கே எடுத்தால் எல்லோரும் ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு இருப்போமாம். சொந்தமாகவே ஒரு நல்ல கேமரா வாங்கி, கல்வராயன் மலைக்குப் போய், அருவிப் பக்கத்தில் எடுக்கலாம் என்றார். அப்படி ஒரு போட்டோ எடுக்காமல் அனுப்ப மாட்டேன் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். செருப்பு அறுந்தால் மூன்று தடவை தைத்துப் போடுகிற மனிதர் கேமரா வாங்கப்போகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அப்பாவுக்குத் தெரிந்த பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். டார்ச், ரேடியோ, மிக்ஸி, கேமரா எல்லாம் விற்பார். மே மாதக் கடைசியில் அப்பா என்னை மொபெட்டில் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போனார். அப்பா கேட்ட மாதிரி கேமரா ஒன்று கண்ணாடி மேசை மேலேயே இருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி அதை ஒரு சுருள் கம்பியால் மேசைக் காலோடு கட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பதற்கான டெமோ பீஸ் அது. பெட்டியில் இருந்ததெல்லாம் விற்றுவிட்டது என்றார் பாய். புதுசு வேண்டுமென்றால் சென்னையிலிருந்து அடுத்த லோடில் வரும், ஜூன் நடுவில் ஆகிவிடும். இப்போதே வேண்டுமென்றால் இந்த டெமோ பீஸை விலை கம்மி பண்ணித் தருகிறேன், ஆறு மாதத்துக்கு எது ஆனாலும் நானே பொறுப்பு என்றார்.

நான் அதற்குள் கேமராவின் உள்ளே போய்விட்டேன். கடைக்கு வந்தவர்கள் சும்மா அழுத்திப் பார்த்த போட்டோக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடையின் மின்விசிறி, பாயின் தாடி, யாரோ ஒருவருடைய சட்டைப் பை, ஒரு குழந்தையின் பல்லில்லாத வாய். நடுநடுவே மறுபடியும் மின்விசிறி. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் கை பட்டதா என்று முகத்தைச் சுளித்தார். அம்மா சொல்ல வேண்டியதை அப்பா சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் நான் அப்பா பக்கம்தான். புதுசு என்றால் பெட்டி வரும், பெட்டிக்குள் தெர்மக்கோல் வரும், திரையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நகத்தால் கிளப்பி மெதுவாக உரிக்கலாம். அந்தத் தாளை உரிப்பது நான்தான் என்று வண்டியிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

புதுசே வரட்டும் பாய் என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்பிவிட்டார். வழியில் அவர் சீட்டி அடித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், அதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடுமே என்றாள் அம்மா. மதரிடம் கேட்டுப் பார்க்கலாம், பத்து நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்றார் அப்பா. மதர் ஒத்துக்கொள்ளாவிட்டால்? அப்பா ஆலைச் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டே, ஒரு வருஷம் என்ன பெரிய வருஷம், கண்மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிப்போயிடும் என்றார். அக்கா அப்போது டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்து உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எடுத்ததையெல்லாம் அப்படியே உள்ளே வைத்து மூடி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அப்பா சொன்னா அடுத்த வருசமே போறேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் நாள்தோறும் சாயங்காலம் கோவிலுக்குப் போகிறவள் அந்த வாரம் போகவில்லை.

அம்மாவின் அழுகை நின்றுபோனது அன்றைக்குத்தான். அக்கா போகப்போவதில்லை என்று தெரிந்ததால் அம்மாவுக்குச் சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அம்மா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, கேமரா கடைக்குப் போலாம் வாங்க என்றாள். மூன்று பேரும் போனோம். பாயிடம் அவள் நேராக டெமோ பீஸைத்தான் கேட்டாள். அப்பா தடுத்தார். தன் வாழ்நாளில் கண்டுபிடிக்காத குறைகளையெல்லாம் அவர் அந்தக் கேமராவில் கண்டுபிடித்தார். ஓரத்தில் கீறல் இருக்கிறது, பொத்தானில் எழுத்து அழிந்திருக்கிறது, பேட்டரி நாள் முழுக்க ஓடித் தேய்ந்திருக்கும், மூடியைத் திறந்தால் சத்தம் வருகிறது. பச்சை டிவியைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர் திரையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் சரியில்லை என்றார். பாய் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதை மட்டும் அவரே ஒத்துக்கொண்டார். கடைசியில், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கண்ணே என்று சொல்லிவிட்டு சார்ஜரைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னாங்க, கேமராவ சாக்கா வச்சிக்கினு புள்ளய நிறுத்தாதீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ நின்னுடுவா. அதான் எனக்கு பயமா கீது."

 அப்பா அந்தச் சுருள் கம்பியை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனால் அக்காவை யாரும் நிறுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் காத்திருப்பது கேமராவுக்குத்தானே, அம்மா எதற்கு அக்கா பேச்சை இழுக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது.

பாய் சார்ஜரோடு வந்தார். "அவுத்துடுங்க பாய்," என்றார் அப்பா. 

பாய் குனிந்து கம்பியை அவிழ்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டி இல்லை, தெர்மக்கோல் இல்லை, உரிக்க ஒரு தாள் இல்லை. வாழ்நாளெல்லாம் புதுசு புதுசு என்று அலைந்த அம்மா எனக்கு ஆசையாக இருந்த ஒரே ஒரு விஷயத்தில் பழசை வாங்கிவிட்டாளே என்று அவள் மேல் அப்படி ஒரு கோபம். இப்போது நினைத்தால் அந்தக் கடையிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள மாட்டோமா என்றிருக்கிறது. பாய்தான் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பரணிலிருந்து வேறு ஏதோ கேமராவின் காலிப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் தெர்மக்கோல் இருந்தது. நான் சமாதானமாகிவிட்டேன்.

மறுநாள் காலைப் பூசை முடித்துவிட்டு மலைக்குப் பஸ் ஏறினோம். அதற்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து மறுபடி வெளியே வந்து, கயிறு கட்டி வாசலோரம் தயாராக இருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டாள். மலைப்பாதை வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் என் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கரியாலூர் தாண்டி அருவிக்கு அருகில் இறங்கினோம். கோடையானதால் தண்ணீர் மெலிந்து பாறையை நனைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா முதலில் அக்காவை மட்டும் ஒரு பாறையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். எடுத்ததைத் திரையில் பார்த்து, சரியில்லை என்றார். இன்னொன்று எடுத்தார். வெயில் முகத்தில் அடிக்கிறது என்றார். மேகம் வந்ததும் ஒன்று எடுத்து, இருட்டாக இருக்கிறது என்றார். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா, தலையைத் தூக்கு, சிரி, அவ்வளவு சிரிக்காதே. அக்கா சொன்னதையெல்லாம் செய்தாள். கொண்டுவந்த புளிசோற்றை அம்மா பிரித்து வைத்து மூன்று தடவை கூப்பிட்டும் அவர் வரவில்லை.

சின்னசேலத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஒருவர், குடுங்கண்ணே, நீங்களும் போய் நில்லுங்க, நாலு பேரையும் சேத்து நான் எடுக்கறேன் என்றார். இது ஒண்ணு சரியா வந்துடட்டும் தம்பி, அப்புறம் நிக்கறேன் என்றார் அப்பா. அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, புதுசு வாங்கியிருந்தால் முதல் தடவையே நல்லா வந்திருக்கும் இல்லையா என்று கேட்டேன். அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து அப்பால் கூட்டிப்போனாள்.

"வுடு பாப்பா. அவரு எடுத்துக்கட்டும்."

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா கேமராவை முகத்திலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தார். பாறையின் மேல் அக்கா இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிக்கத் தயாரானாள். பாய் சொன்னபடியே பேட்டரி சீக்கிரம் இறங்கிப்போனது. நாலு பேரும் சேர்ந்து நிற்கிற படம் எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை அக்கா மடத்துக்குப் போனாள். பேட்டரியை சார்ஜ் போட்டு நான் எல்லாப் படத்தையும் பார்த்தேன். அதே பாறை, அதே அக்கா, அதே சிரிப்பு. எதிலும் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம் இதை ரகசியமாகச் சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு போட்டோ எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது, டெமோ பீஸ் வாங்கினால் அப்படித்தான் ஆகும், உங்கள் வீட்டில் யாரும் வாங்கிவிடாதீர்கள் என்று.