மிளகு ரசமும் சனிக்கிரகத்துப் பூச்சியும்

போன ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போயிருந்தேன். கடைக்கார அக்கா ஒரு சங்கரா மீனின் வாயைப் பிளந்தார். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சி உட்கார்ந்து, கறுப்புக் கண்ணால் என்னையே பார்த்தது.

"பயப்படாத தம்பி, எடுத்துப் போட்டுட்டுத்தான் தருவேன்."

பயமா? எனக்கு லூர்துவையே நேரில் பார்த்தது போல இருந்தது! (இதைப் படித்தால் அவன் உதைப்பான்.)

லூர்து, நாங்கள் அப்போது குடியிருந்த சாரம் பகுதியில் என் பக்கத்துத் தெரு, ஏழாம் வகுப்பில் பக்கத்து இடம். இப்படி ஒரு பூச்சியை அவன் வீட்டு மீனில் பார்த்த மறுநாளே இருவரும் நீள நோட்டு ஒன்றில் விஞ்ஞானக் கதை எழுத ஆரம்பித்துவிட்டோம். சனிக்கிரகத்து நிலாவிலிருந்து ஒரு பூச்சி வீராம்பட்டினம் கடலில் விழுகிறது. மீன் வழியாக மனிதர்களின் நாக்கில் குடியேறி மூளையைப் பிடித்துக்கொள்கிறது. பூச்சி பிடித்த ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம்: எதைக் கேட்டாலும் "சரி" என்பார். மருந்துக்கு லேசர் துப்பாக்கியெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் மிளகு ரசம் என்று முடிவு செய்தோம். அறிவியலில் நாங்கள் வாங்கிய மார்க்குக்கு அதுவே அதிகம்.

லூர்துவின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. அந்த வழியில் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. ஒருநாள் அவன் அப்பா, குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விடலாம் என்றாராம்.

"நீ என்னா சொன்ன?" என்றேன்.

"சரின்னேன்."

"அங்க வேற ஸ்கூல்டா."

"அதுக்கும் சரின்னுட்டேன்."

"உன் சைக்கிளு?"

"மாமா பையனுக்குக் குடுக்கலாமான்னாங்க. சரின்னேன்."

கதையில் பாதியை எழுதியவன் நான்; இருந்தும் நம்பினேன். அம்மாவிடம் சளி என்று பொய் சொல்லி, மறுநாள் தண்ணீர் பாட்டில் நிறைய மிளகு ரசம் கொண்டுபோனேன். மதியம் மைதானத்து மூலையில் நீட்டியபோது அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மடமடவென்று குடித்தான். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது.

"போயிடுச்சாடா பூச்சி?"

"போயிடுச்சு."

"இப்ப சொல்லு. பிரான்சுக்குப் போறியா?"

"எனக்குப் புடிக்கலடா." பாட்டிலை மூடித் திருப்பித் தந்தான். "எங்கப்பாகிட்ட சொல்லிடாத. அவரு ரொம்ப ஆசையா இருக்காரு."

சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா கையி செம காரம்டா" என்றான். ஆமாம், காரம்தான் என்றேன். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. என் கண்ணிலும் அதே காரம்.

அடுத்த மாதம் போய்விட்டான். அந்தப் பள்ளியும் இன்று இல்லை, அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அவன் போன பிறகு வந்த திங்கட்கிழமை, டீச்சர் பழக்கத்தில் அவன் பெயரையும் வாசித்துவிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்று நான் எழுந்து நின்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே மறுபடி வாசித்தார். மறுபடி நான் எழுந்தேன்.

புதன்கிழமை அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.