சபிதா நேராக்கிய வாசல்

ஆறு வருஷமாகச் சபிதா கழிப்பறைகளை மட்டுமே வரைந்துகொண்டிருந்தாள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். கோவில்பட்டியில் தன் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, சென்னை அலுவலகம் ஒன்றுக்குக் கட்டட வரைபடம் போட்டு அனுப்புவது வேலை. முகப்பும் மாடமும் மற்றவர்களுக்கு. குழாய் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது இவளுக்கு. டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவள் கணவன் பெனோ, யாராவது விசாரித்தால், "வெளிநாட்டு ஓட்டலுக்கெல்லாம் தண்ணி ஊத்துதவ எங்க வீட்டுலதான் இருக்கா" என்பான்.

இந்த முறை வாசல் வந்தது. ஈரானில் யாஸ்த் என்று ஒரு பழைய நகரம். பாலைவனத்தை ஒட்டி, மண் சுவர்களும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்களுமாக இருக்கும் ஊர். அங்கே அடுத்தடுத்து இருந்த மூன்று பழைய வீடுகளைச் சேர்த்து ஓட்டல் ஆக்குகிறார்கள். வாசல் பகுதியை வரைய வேண்டியவள் பிரசவத்துக்குப் போய்விட்டதால், அலுவலகத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் முத்துசெல்வம் அதைச் சபிதாவிடம் தள்ளினார். திறமை பார்த்துக் கொடுத்ததாக அவள் வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

அங்கே அளந்தவர்கள் அனுப்பிய படத்தில் தெருக்கதவு ஒரு பக்கம் இருந்தது, முற்றம் வேறு பக்கம் இருந்தது. நடுவில் எட்டு மூலை வைத்த சின்ன அறை. அதிலிருந்து ஒரு நடை வளைந்து போனது. பார்த்தவுடனே சபிதாவுக்கு அந்த வீட்டின் நோய் பிடிபட்டுவிட்டது. கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு இதையா சொல்லித்தர வேண்டும்? மண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும், சுவர் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பசுவந்தனையில் அவள் அப்பா கட்டிய வீட்டில் அடுக்களைக் கதவு இன்றைக்கும் மூடாது. யாஸ்த் மண்ணும் அப்படித்தான் என்று பரிதாபப்பட்டு நடையை நிமிர்த்தினாள். எட்டு மூலையை நாலாக்கினாள். சுவரோரம் குறித்திருந்த மேடுகளை இடிந்து விழுந்த மண் என்று நினைத்துத் துடைத்தாள். தெருக்கதவும் முற்றமும் பின்கதவும் ஒரே கோட்டுக்கு வந்தன. வாசலில் நின்றால் கொல்லை வரை கண் ஓட வேண்டும். வீடு என்றால் அதுதானே.

யாஸ்திலிருந்து மஹ்னாஸ் என்ற கட்டடக் கலைஞர் வீடியோவில் இங்கிலீஷில் பேசினார். கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தெருவில் போகிறவர் கண்ணில் குடும்பம் படக்கூடாது என்றே அந்த வளைவு, மண் ஒரு தப்பும் செய்யவில்லை என்றார். உங்கள் வீட்டில் தெருவில் நிற்பவருக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்டார். சபிதா உண்மையைச் சொன்னாள்.

பழைய வளைவை அப்படியே திருப்பிப் போட்டாலும் தீராது. சக்கர நாற்காலி வர நடையை அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் முற்றம் எட்டிப் பார்த்தது. திங்கட்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் வாசல் வேறு ஆளுக்கு, நீ பழையபடி குழாயைப் பார் என்றுவிட்டார் முத்துசெல்வம்.

இதற்குப் பார்க்கிற கண் ஒன்று தேவைப்பட்டது. பார்ப்பதில் எதிர்வீட்டு ஆவுடைத்தாயை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. தினமும் சபிதா வீட்டுப் படியில் ஒரு நிமிஷம் நிற்பாள், அடுப்படி வரை பார்ப்பாள், "இன்னைக்கும் ரசந்தானாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். சனிக்கிழமை சபிதா அவளைக் கூப்பிட்டுப் படியிலேயே நிறுத்தினாள். உள்ளே கூடத்தையே யாஸ்த் வீட்டு நடையாக வைத்து, பெனோ பீரோவைச் சுவராக்கி இழுத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன தெரியுது பெரியம்மா?"

"அடுப்புல குக்கரு. விசில் வரப்போவுது."

பீரோ ஒரு சாண் நகர்ந்தது.

"இப்ப?"

"குக்கரு தெரியல. பீரோக் கண்ணாடியில ஒம் மாப்பிள்ளை லுங்கியோட நிக்கான்."

கண்ணாடிக்குப் போர்வை போட்டார்கள். கட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி இன்னொரு சுவராக்கினார்கள். சக்கர நாற்காலிக்குப் பதில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நுழைந்த பெனோ, "வீட்டுக்குள்ள வரவே இன்டிகேட்டர் போடணும் போலயே" என்றான். கடைசியில் ஸ்கூட்டர் இடிக்காமல் திரும்பியது. ஆவுடைத்தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அது பிடிக்கவும் இல்லை.

"பாக்கவும் விடமாட்டேங்க, உக்காரவும் ஒண்ணு கெடையாது. வந்தவ எம்புட்டு நேரந்தாம்ட்டி இப்படி நிக்கணும்?"

சபிதா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். போட்டவள் அப்படியே கம்ப்யூட்டருக்கு ஓடி, அளந்தவர்கள் அனுப்பிய பழைய படத்தைத் திறந்தாள். அவள் துடைத்துவிட்ட மேடுகள் அந்த எட்டு மூலை அறையில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தன, உட்காருகிற உயரம். இடிந்த மண் அவ்வளவு ஒழுங்காக விழாது.

திங்கட்கிழமை வளைவும் எட்டு மூலையும் உட்காரும் மேடைகளுமாகப் படம் போனது. மஹ்னாஸ் வெகுநேரம் பார்த்தார். வாசலில் குறையாக எதையும் சொல்லவில்லை. மேடை வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று மட்டும் கேட்டார். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கால் வலித்தது என்றாள் சபிதா. வாசல் அவளிடமே இருக்கட்டும் என்று முத்துசெல்வம் செய்தி அனுப்பினார். ஆள் இல்லாததால் அந்த ஓட்டலின் கழிப்பறைகளையும் அவளே பார்க்க வேண்டும் என்று கீழே ஒரு வரி இருந்தது.

கட்டில் அன்றே அறைக்குத் திரும்பிவிட்டது. பீரோ திரும்பவில்லை. தெருவுக்குத் தெரியாமல் உட்கார்ந்து வரைவது சபிதாவுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆவுடைத்தாய் இப்போது படியில் நிற்பதில்லை. பீரோவைச் சுற்றி உள்ளே வந்து, ஸ்டூலை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டு, ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறாள்.

"முன்னன்னா வாசல்லயே பாத்துட்டுப் போயிருவேன். இப்ப உள்ள வந்தாத்தான தெரியுது" என்று அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்தாள்.

ரசம்தான்.