பிலோமினா ஆஜர் இல்லை

அகதி முகாமில் குமாஸ்தா வேலை என்றால், எதிரில் நிற்கும் ஆளைவிட ஏட்டில் இருக்கும் ஆளை நம்ப வேண்டிய வேலை.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நடையாய் நடந்தவர்களே, உங்களுக்கு இது புரியும். கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவனும் உங்களைப் போல அவஸ்தைப்பட்டான் என்பதை மட்டும் நீங்கள் நம்பப் போவதில்லை. எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து தமிழர்கள் வள்ளம் வள்ளமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அலுவலகத்தில் ஃபைல் தைத்துக்கொண்டிருந்த என்னைத் தூக்கி, பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் திறந்திருந்த முகாமில் போட்டார்கள்.

டிக்கெட் எண்

முதலில் வந்தவர்களில் ஒருவன் அந்தோணி. மன்னார்ப் பக்கத்து மீன்காரன். அவன் வந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் எங்களுக்குப் படிவம் வந்தது; அதுவோ விமானத்தில் வருகிறவர்களுக்கென்று எப்போதோ அச்சடித்தது. 'வந்த வழி, டிக்கெட் எண்' என்று ஒரு கட்டம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்பது முகாம் அதிகாரியின் உத்தரவு.

அதற்கடுத்த கட்டம் குடும்பம். "பெண்சாதி பிலோமினா" என்றான். அவன் வந்து பத்து நாள் கழித்து அவள் வேறொரு வள்ளத்தில் ராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறாள். அதற்குள் இவனை லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். அவள் தெற்கே வேறொரு முகாமில். அங்கிருந்து அவள் போட்ட கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "கண்ணுக்கு எதிர்ல இருக்கற ஆளை மட்டும் எழுதுய்யா" என்றார் அதிகாரி. நானும் 'தனி ஆள்' என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லை எழுதிய கையை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. வெட்கத்தை மறைக்க, தாண்டி வந்த கட்டத்துக்குத் திரும்பி டிக்கெட் எண்ணைக் கேட்டேன். அந்தோணி சொன்னான்: "பின்னால சுட்டுக்கொண்டு வந்தவங்கள் டிக்கெட் ஒண்டும் தரேல்லை ஐயா."

வட்டம்

பிலோமினாவை இங்கே மாற்றக் கேட்டு அவனுக்கு நானே மனு எழுதிக் கொடுத்தேன். ஒன்றல்ல, மூன்று. மூன்றாவதற்குப் பதில் வந்தது. கணவர் நேரில் சென்று மனைவியை அடையாளம் காட்ட வேண்டும். முகாமை விட்டு வெளியே செல்ல அனுமதி வேண்டும். குடும்பக் காரணத்துக்கு மட்டுமே அனுமதி. ஏட்டின்படி இவன் தனி ஆள், ஆகவே குடும்பக் காரணம் கிடையாது.

நான் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிகவும் திருப்தியாகச் சொன்னார்: "எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாருய்யா."

எல்லை தாண்டிய இறால்

வெள்ளிக்கிழமை காலையில் ஆஜர் எடுப்போம். ஒரு வெள்ளிக்கிழமை அந்தோணி இல்லை. குப்பத்துத் தலைவர் ஏகாம்பரத்தின் படகில் கூடப் போயிருக்கிறான். காற்று இழுத்ததில் படகு வடக்கே ஆந்திரத் தண்ணீருக்குப் போய், மத்தியானம்தான் திரும்பியது. அனுமதியின்றி மாநிலம் விட்டு மாநிலம் சென்றதாக அவனிடம் விளக்கம் கேட்டு ஓலை தயாரானது.

பதில் சொல்ல ஏகாம்பரமே வந்தார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. "இன்னா சார், ஏரில கோடா கிழிச்சு வெச்சிருக்குது? எறா அந்தாண்ட போச்சு, நாங்க பின்னால போனோம். மொதல்ல எறாவாண்ட வெளக்கம் கேளு!"

தலைக்கட்டு

இந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமாகிக் குடும்பம் வைத்தவன்தான் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. தன் நாடு திரும்பும் வரைக்கும் அந்தோணிக்கும் ஒரு பாடு கொடுக்கலாம் என்றார் ஏகாம்பரம். இரண்டு நாள் ஊரே கூடிக் கத்தியது. கடைசியில் பட்டியலில் எழுதினார்கள்: 'அந்தோணி, தலைக்கட்டு, மனைவி பிலோமினா.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கார் மறுத்த மனைவியைக் குப்பம் கொடுத்துவிட்டதே! பட்டியலை நகலெடுத்து நாலாவது மனுவோடு இணைத்தேன். சாட்சி இல்லாமல் எப்படி ஒப்புக்கொண்டீர்கள் என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். "பொய் சொல்றவன் கீற பொண்டாட்டிய இல்லன்னுதான் சார் சொல்லுவான். இல்லாத பொண்டாட்டிய இருக்குதுன்னு சொல்லி எவனாவது மாட்டிக்குவானா?"

தலைமறைவு

நாலாவது மனுவுக்குப் பதில் உடனே வந்தது. பிலோமினா கோட்டைக்குப்பத்தில் குடும்பம் நடத்துவது ஊர்ப் பட்டியலால் உறுதியாகிறது. பின் ஏன் ஒரு வெள்ளிக்கிழமைகூட ஆஜராகவில்லை? நான் பதறிப்போய் விளக்கம் எழுதினேன். அது போய்ச் சேருமுன் அவள் பேரை எங்கள் ஏட்டில் ஏற்றச் சொல்லி, 'முகாமிலிருந்து தலைமறைவு' என்று எழுதி எல்லா முகாமுக்கும் தகவல் அனுப்பிவிட்டார்கள்.

அந்தோணிக்கு விஷயம் தெரிந்தது. அவளைச் சிறையில் போடுவார்களா என்று மட்டும் கேட்டான். போடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கே தைரியம் இல்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன். அவன் பாடு வந்த நாளில்கூட அவன் வலையைத் தொடவில்லை.

மூன்றாம் வாரம் ஆஜர் எடுத்துக்கொண்டிருக்கும்போது தெற்கு முகாமிலிருந்து ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. இரண்டு பெண் போலீசுக்கு நடுவில், ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒருத்தி இறங்கினாள். என்னிடம் ஒரு ரசீது நீட்டினார்கள்: 'தப்பிய நபர் ஒருவர், நல்ல நிலையில், உரிய முகாமில் ஒப்படைக்கப்பட்டார்.' நான் கையெழுத்துப் போட்டேன். அந்தோணி வரிசையை விட்டு நகரவில்லை. ஆஜர் முடியாமல் நகர்ந்தால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அழுதபடி விறைத்து நின்றான்.

"பிலோமினா" என்று கூப்பிட்டேன். ஏட்டில் அவள் பேர் வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பதில் வந்தது. அவள் புருஷன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த இடத்தை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன் ஐயா. ஓடினா இஞ்ச கொண்டுவந்து விடுவினம் எண்டு தெரிஞ்சிருந்தா, முதல் நாளே ஓடியிருப்பன்."

நான் ஓய்வு பெற்று வெகுநாளாகிறது, ஆனால் இன்றைக்கும் என் பேர் ஏதாவது சர்க்கார் பட்டியலில் விட்டுப்போனால் மனு எழுதி நேரத்தை வீணாக்குவதில்லை, நான் ஓடிப்போய்விட்டதாக ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கிறேன்.