பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

சிங்கவரத்துப் பெருமாள் என் வீட்டுக்குச் செய்ததைச் சொல்கிறேன். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பவித்ராவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. செஞ்சியில் பத்தாவது படிக்கிறாள். எட்டாவதிலிருந்தே அறிவியல் வகுப்பென்றால் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார வைத்துவிடுவார்கள். "படம் பாத்துப் படிக்கிற பாடம்மா அது. இவளுக்கு எதுக்கு?" என்பார் தலைமையாசிரியர். அவளோ, உடம்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று வீட்டில் என்னைத் துளைத்தெடுப்பாள். ஐந்தாவதோடு நின்றவள் நான், என்ன சொல்வேன்?

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே போன வருடம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அறிவியல் பாடத்தை அதுவே வாய்விட்டுச் சொல்லுமாம். பவித்ராவைப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். அன்றே ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். நானும் நடையாய் நடந்தேன். "ஒடஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" இதே பேச்சுதான். ஒருநாள் பவித்ரா, "வுடும்மா, எனக்கு சயின்ஸே வேணாம்" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் படியேறினேன். படுத்திருக்கிற பெருமாளைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கிவிட்டது.

"நல்லா படுத்துனு இருக்கற நைனா! எழுந்து வந்து அந்தப் பூட்டத் தொற. இல்லன்னா இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்!"

வாய்விட்டு அழுதேன். பட்டர் முறைத்தார். முறைக்கட்டும்.

அந்த வாரமே சரஸ்வதி பூஜை. பள்ளியில் அறையைத் திறந்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடியும் பூட்டிவிட்டார்கள். "பொட்டு வெச்சாங்கம்மா. நான் தொடத்தான் வுடல" என்றாள் மகள். அந்த நிமிடம்தான் பெருமாள் எனக்குப் புத்தியைக் கொடுத்தார்.

விஜயதசமியன்று ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளி திறந்திருந்தது. நல்ல கூட்டம். எல்லார் முன்னாலும் தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"சார், பூஜையில வெச்சத இன்னிக்கி எடுத்துப் படிக்கணும்னு நீங்கதான புள்ளைங்களுக்குச் சொல்றீங்க? எங்க பவித்ராவும் படிக்கணும், தொறங்க."

குழந்தைகளோடு நின்ற தாய்மார்கள் அவரையே பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. சாவியை எடுத்தார்.

காய்ந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். இதயப் பாடம். நெஞ்சில் கை வைத்துத் துடிப்பைக் கவனிக்கச் சொன்னது குரல். பவித்ரா வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உள்ள நாலு ரூம் இருக்குதாம். இத்தினி வருசமா எனக்கு ஏம்மா ஒருத்தரும் சொல்லல?"

எனக்கே அன்றுதான் தெரியும்.

இப்போது வாரம் இரண்டு நாள் திறக்கிறார்கள். பெருமாளுக்குக் கோடி நன்றி. போன வருடங்களை யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்டால் அவரும் பேசாமல்தான் படுத்திருக்கிறார். முன்பெல்லாம் பள்ளி வாசலில் கைகட்டி நிற்பேன். இப்போது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறேன்.

உங்கள் பிள்ளைக்கென்று வந்த பொருளும் இப்படி எங்கேயாவது பூட்டிக் கிடந்தால் சிங்கவரத்துக்கு வாருங்கள். அழுங்கள், சண்டை போடுங்கள், அவர் கேட்கிறார். படியிறங்கியதும் வீட்டுக்குப் போகாதீர்கள். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.