மோத்தி கடித்த தழும்பு

என் பெரியப்பாவின் தோளில் இருக்கும் தழும்பை, துப்பாக்கிக் குண்டு பட்ட காயம் என்று எழுதி விற்றவள் நான். அந்தப் பொய்யைத் தானே சொன்னதாக அவர் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டபோது, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளும் நானேதான்!

சொல்லிவிட்டேன். மேலே கேளுங்கள். கொஞ்சம் அனுதாபம் மிச்சமிருந்தால் அதை எனக்காகச் செலவழிக்க வேண்டாம்.

பெரியப்பா பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தது உண்மை. ஆனால் சண்டை போட்டவரில்லை. ஜீப்பு ஏறாத பனிமலை முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்ததும் போடியில் ஒரு சின்ன ஏலக்காய்க் கடை போட்டார். குரங்கணிக்கு மேலே, சரிவில் இருக்கும் சிறு விவசாயிகளிடம் தானே ஏறிப்போய்க் காய் வாங்குவார். அங்கேயும் லோடு இறங்குவது கழுதை முதுகில்தான். சுமைக்காரர் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் போதும், இவர் வியாபாரத்தையே மறந்துவிடுவார்.

"ஏப்பா, ஒன் வயித்துல இப்பிடிக் கட்டுனா நீ நடப்பியா?" என்று அவிழ்த்து, தானே மறுபடி கட்டுவார்.

எனக்கு எரிச்சலாக வரும். மதுரையில் வணிக மேலாண்மை படித்துவிட்டு வந்தவள் அல்லவா! இணையத்தில் விற்க வேண்டும், நாடு முழுக்க அனுப்ப வேண்டும் என்று துடித்தேன். காய் நன்றாக இருந்தால் போதுமா? உறையில் போட ஒரு கதை வேண்டாமா? அவரிடமே கேட்டேன்.

அவர் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். வட்டமாக ஒரு தழும்பு.

"மோத்தின்னு ஒரு கழுதை இருந்துச்சுத்தா. பனி சரியப் போகுது, எனக்குத் தெரியல. இழுக்குறேன், இழுக்குறேன், நகர மாட்டேங்குது. ஒண்ணு போட்டேன். திரும்பி ஒரே கடி! வலி தாங்காம பின்னால சாஞ்சேன் பாரு, முன்னால இருந்த பாதை அப்பிடியே கீழ போயிருச்சு. அது மட்டும் கடிக்கலேன்னா இன்னிக்கி நான் இல்ல."

சொல்லும்போது அவர் முகம்... கோயிலில் தீபாராதனை பார்க்கும்போது இருக்குமே, அந்த முகம்.

நான் சிரித்தேன். "கழுதை கடிச்ச கதைய வச்சு யாரு பெரியப்பா வாங்குவா?"

"ஏலக்காயத்தானத்தா வாங்கப் போறாங்க?"

இந்த மனிதர் எப்படித்தான் கடை நடத்துகிறாரோ என்று நினைத்தேன். 'எதிரியின் குண்டைத் தோளில் வாங்கிய வீரரின் ஏலக்காய்' என்று பொடிப்பொடியான ஆங்கில எழுத்தில் தாளில் அச்சடித்து உறைகளில் ஒட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, "நீங்க பட்டாளத்துல இருந்தவருன்னு போட்டிருக்கேன்" என்றேன். நம்பிவிட்டார்.

வாங்கினார்கள்! பாயசத்தில் வீரம் மணக்கிறது என்று பெருநகரங்களிலிருந்து எழுதினார்கள். அந்த அசடுகளை இகழ்ந்தேன், இகழ்ந்துகொண்டே விற்றேன்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரை அழைத்தார்கள். நீண்டகாலப் பணிக்குக் கொடுத்த பதக்கத்தைத் துடைத்துக் குத்திக்கொண்டு வந்தார். 'இளம் தொழில்முனைவர்' என்று எனக்கும் மேடையில் ஒரு நாற்காலி. தலைமையாசிரியர் எங்கள் உறையைக் கையில் எடுத்து, அதிலிருந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி உரக்க வாசித்தார். பெரியப்பா அதை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

கைதட்டல் அடங்குமுன்னே முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர், பெரியப்பாவோடு பனிமலை முகாமில் இருந்தவர்.

"என்னண்ணே, குண்டா? அது மோத்தி கடிச்ச கடியில்ல! நாந்தான மருந்து போட்டுவிட்டேன்? நெசமாவே குண்டு பட்டுச் செத்தவன் வீட்டாளுக கேட்டா என்ன நெனப்பாங்க? எதுக்குண்ணே இந்தப் பொழப்பு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் குனிந்து, வராத அழைப்பைக் கைப்பேசியில் தேடினேன்.

"நாந்தேன் எழுதச் சொன்னேன். தப்புதேன்" என்றார், ஒலிபெருக்கி முன்னால்.

ஏன் எழவில்லை நான்? கால் இல்லையா? நாக்கு இல்லையா? அந்த நாற்காலி அவ்வளவு சுகமாகவா இருந்தது? ஆம்... இருந்தது! அவ்வளவுதான் காரணம்.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து, ஈரத்துணியால் ஒவ்வொரு உறையாகத் தேய்த்து அந்தத் தாளை உரித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

"கழுதை கடிச்ச தியாகி வர்றாருடோய்!" என்று கடைவீதியில் இன்றும் குரல் வருகிறது. பதக்கம் பெட்டிக்குள் போய்விட்டது. முன்னாள் வீரர்கள் கூடும் இடத்துக்கு அவர் போவதில்லை. குரங்கணிச் சரிவில் யாராவது கயிற்றை இறுக்கிக் கட்டினாலும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை; முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கழுதையைப் பற்றி அவர் வாய் திறந்தால் சிரிக்கிறார்களே!

போன மாதம் மோத்தியின் உண்மைக் கதையை உறையில் ஒட்டத் தமிழில் எழுதி, அச்சடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். பெரிய தியாகம் செய்பவள் போல! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார்.

"நல்லாத்தேன் எழுதியிருக்க. ஆனா அது கடிச்சது எல்லாத்துக்கும் தெரியும். என்னயக் காப்பாத்தத்தேன் கடிச்சுச்சுன்னு இனி நான் சொன்னா, அதையும் புளுகுன்னுதேன் சொல்லுவாய்ங்க. மோத்தியையும் இதுல இழுக்காதத்தா."

தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, சல்லடையை எடுத்துக் காய் சலிக்கத் தொடங்கினார்.

தேவாரம் பஸ்சு எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்று எழுந்து கேட்ட அந்த மனிதர் முன்னால் நின்று, "எழுதியது நான்" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் பஸ்சு நிற்கிறது, ஆள் ஏற்றுகிறது, கிளம்புகிறது... நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முகம் தெரியாத உங்களிடம் மட்டும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா?