ஐஸில் வைத்த பெட்டி

தங்கச்சிமடத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு என் மீன் வண்டியில் ஏறியவர் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, மடியில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அதன் மூடியில் அடிக்கடி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஆராய்ச்சிக்காரர். ராமநாதபுரத்தில் ரயில் பிடித்து, வடக்கே ஏதோ பெரிய மெஷினில் பெட்டியில் இருப்பதை எக்ஸ்ரே எடுக்கப் போகிறார் என்று மட்டும் தெரிந்தது.

உச்சிப்புளியில் டயர் பஞ்சர். பெட்டியை சீட்டில் நிழலில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார். கொஞ்ச நேரத்தில் அதன்மேல் வெயில் ஏறியது. எங்கள் ஊரில், கெடக்கூடாத பொருள் எதுவானாலும் ஐஸுக்குள்தான் போகும். சீலா மீன்களுக்கு நடுவே அதைப் புதைத்து வைத்தேன்.

எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தவர், "பெட்டி எங்கண்ணே?" என்றார்.

"பத்திரமா ஐஸுல வச்சிருக்கேம்மா" என்றேன் பெருமையாக.

அவசரமாக எடுத்துத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது நொதிங்கிற புரதத்தோட படிகம்ணே. மருந்து வந்து ஒட்டுறப்ப அது எப்படி அசைஞ்சு குடுக்குதுன்னு, குளிர வைக்காமப் பாக்கணும். ஐஸ் குளிர்ல எல்லாம் விரிசல் விட்டிருச்சு."

"வெயில்ல வச்சா சரியாயிருமாம்மா?"

"ஆகாதுண்ணே" என்று டீயை என் கையில் கொடுத்தார்.

மிச்ச வழியிலும் பெட்டி மடியில்தான் இருந்தது. மூடியில் அதே கை. நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

ஸ்டேஷனில் இறங்கியவர், "வெரசாப் போங்கண்ணே, மீன் கெட்டுறப் போகுது" என்றார்.

அன்றைக்கு என் மீன் ஒன்றுகூடக் கெடவில்லை.