பின்கதவு இருந்த சுவர்

"ஏங்க, பஸ்ஸோட பின்கதவை அடைச்சுட்டா ஏற இறங்க ஒரே வழிதானே இருக்கும்?"

"இருக்கிறதே ரெண்டு பேர். எத்தனை வழி வேணும் மேடத்துக்கு?"

"அவசரம்னா?"

"அவசரம்னா என்னைத் தள்ளிவிட்டுட்டு முதல்ல இறங்கு. வீட்ல மட்டும் என்ன, அப்படித்தானே?"

சிரித்தேன். சிரிப்போடு சேர்த்து, சொல்ல வந்ததையும் விழுங்கிவிட்டேன்.

இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. என் இரண்டு உள்ளங்கைகளும் தொட்டு உணர்ந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் படித்து முடிக்கும்வரை சுவரில் சாயாமல் இருந்தால் நல்லது.

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஓடிக் களைத்த பழைய பஸ் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றினார். கட்டில் போட்டார், அடுப்பு மேடை கட்டினார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி நாம் இருவரும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே வாழ்வோம் என்றார். வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த பஸ்ஸே வேண்டாம். நின்ற இடத்தில் நிற்கிற ஒரு வீடு போதும், சின்னதானாலும். அதைச் சொல்லத்தான் மாதக்கணக்காக வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு முறையும் 'சரிங்க' என்றுதான் வந்தது.

பின்கதவு இருந்த இடத்தில்தான் குளியலறை. கதவை வெல்டிங் வைத்து அடைத்து, மேலே பலகை அடித்து, தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு தடவை பூசியிருந்தோம். தண்ணீர் வடிய, தரைக்கு இன்னும் சரிவு கொடுக்கவில்லை. அதனால் தரையோர வரிசையை விட்டுவிட்டு, சுவரில் இரண்டாவது வரிசையிலிருந்து டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்தோம். கனம் தாங்க, அடியில் ஒரு மரச்சட்டம். டைல் ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல் கதவு அளவு. "சின்னதா வாங்கியிருக்கலாம்," என்றேன். "ஷவர்னா ஒரு ராஜகளை வேண்டாமா?" என்றார்.

பின்கதவு இருந்த சுவரில் முதல் டைலை வைத்ததுமே மரச்சட்டம் பெயர்ந்து விழுந்தது. டைல் மெல்லச் சரிந்தது. நான் பாய்ந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

"கையை எடுத்துடாதே. வேற சட்டம் அறுத்துட்டு வந்துடறேன்."

இறங்கிப் போனார். அப்போது மணி ஆறேகால். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே, ஒயரில் தொங்கிய ஒற்றை பல்பு. சற்று நேரத்தில் வெளியே கட்டிங் மெஷின் அலற ஆரம்பித்தது.

டைல் சில்லென்று இருந்தது. தோள் வலித்தது. கையைத் தளர்த்தினால் டைல் என் கால்மேல்தான் விழும். அசையாமல் நின்றேன். மரம் அறுபடுகிற வாசனை வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். சில்லென்று இருந்த டைல், என் உள்ளங்கைகளுக்குக் கீழே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. என் கைச்சூடுதான் என்று நினைத்துக் கைகளைச் சற்று மேலே நகர்த்தினேன்.

புதிய இடம் சில்லென்றுதான் இருந்தது.

கொஞ்ச நேரம்தான்...

பிறகு அங்கேயும் வெதுவெதுப்பு. என் கை போகும் இடத்துக்கெல்லாம் அது வந்தது.

டைலுக்குப் பின்னால் பசை. பசைக்குப் பின்னால் பலகை, தகரம். அதற்கும் பின்னால் மதில் சுவர். முன்கதவுக்கு மட்டும் இடம் விட்டு, பஸ்ஸின் பின்பாதியை அவ்வளவு ஒட்டி நிறுத்தியிருந்தார். ஒரு பூனைகூட அங்கே நுழைய முடியாது.

டைல் கீழே சரியவில்லை.

என் பக்கம் நகர்ந்தது.

நான் அழுத்தினேன். அது திருப்பி அழுத்தியது... மெதுவாக. விடாமல்.

"ஏங்க..."

மெஷின் அலறியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏங்க..."

தட்... தட்... தட்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் பக்கத்தகரத்தில் தட்டுவார்களே... அந்தத் தட்டு.

என் உள்ளங்கைக்கு நேர் கீழே.

கையை எடுக்க முடியவில்லை. ஓட முடியவில்லை.

தட்... தட்... தட்...

இப்போது வேகமாக.

கண்ணை மூடிக்கொண்டேன்.

மெஷின் நின்றது.

அதுவும் நின்றது.

அவர் சட்டத்தோடு உள்ளே வந்தார். அடியில் பொருத்தி ஆணி அடித்தார். "விடும்மா, இனி விழாது," என்றார். என்னால் விட முடியவில்லை. அவர்தான் என் கைகளைப் பிரித்து எடுத்தார்.

"ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க."

அவர் டைலைத் தடவிப் பார்த்தார். "நீ அந்த அமுக்கு அமுக்கியும் சரியா உக்காரலையே. நடுவுல தூக்கிக்கிட்டு நிக்குது." கரண்டியை இடுக்கில் விட்டு டைலைப் பெயர்த்தெடுத்தார். புரட்டினார். பல்பு வெளிச்சத்தில் பிடித்தார்.

டைலின் முதுகில் அவர் பல் வைத்த பூச்சுக் கரண்டியால் இழுத்த பசைக் கோடுகள் கலையாமல் அப்படியே இருந்தன. இரண்டு இடத்தில் மட்டும் அமுங்கியிருந்தன. பக்கம் பக்கமாக இரண்டு கைகள். பத்து விரலும் தெளிவாக.

என் கையைப் பிடித்து அந்தத் தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். என் விரல்கள் அதைவிட ஒரு கணு நீளமாக இருந்தன.

அங்கேயே நின்றபடி, பஸ்ஸை விற்றவருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"பின்கதவா சார்? அதை அடைச்சுட்டீங்களா?"

"ஏன், அடைக்கக் கூடாதா?"



"அது அப்பப்ப மாட்டிக்கிற கதவு சார். ஒரு நாள் சாயங்காலம், நிக்கக்கூட இடமில்லாத கூட்டம். பின்படியில ஒரு அம்மா நின்னிருக்காங்க. அவங்க இறங்கற ஸ்டாப்ல கதவு திறக்கலை. தட்டியிருக்காங்க. இன்ஜின் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. அடுத்த ஸ்டாப், அதுக்கடுத்த ஸ்டாப்... கடைசி ஸ்டாப்ல கூட்டமெல்லாம் முன்பக்கமா இறங்கினப்புறம்தான் பாத்தோம். படியில உக்காந்த மாதிரியே இருந்தாங்க. நெரிசல்ல மூச்சு முட்டி உயிர் போயிருந்துச்சு. ரெண்டு கையும் கதவு மேலயே இருந்துச்சு."

"பாத்தோம்னா?"

"அப்ப நான்தான் சார் அந்த பஸ்ல கண்டக்டர்."

"சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே அவங்க."

"அவங்க மககிட்ட நானும் அதைத்தான் கேட்டேன். அம்மாவுக்குச் சத்தமாப் பேசியே பழக்கமில்லைன்னு சொல்லிச்சு."

போன் அணைந்தது. அவர் டைலைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.  என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"சரி விடு. கதவை மறுபடி திறந்து வெச்சுடலாம். குளியலறையை முன்பக்கம் மாத்திக்கலாம். கிளம்பறது ஒரு வாரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். என்ன?"

'சரிங்க' என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"எனக்கு இந்த பஸ் வேண்டாங்க," என்றேன். தொண்டை எரிகிற அளவுக்குச் சத்தமாக. "இதுல என்னால வாழ முடியாது. எனக்கு ஒரு வீடு பாருங்க."